சித்ரா இதய வால்வு: 18 ஆண்டுகள் நெஞ்சில் சுமந்தவளின் மதிப்புரை

2007ஆம் ஆண்டில், என்னுடைய 32ஆவது வயதில், இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் 27 மி.மீ. அளவுள்ள டிடிகே சித்ரா செயற்கை வால்வைப் பொருத்தினார்கள். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று கணக்கிட்டால், ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். இந்த 18 ஆண்டுகளில் அது ஏறத்தாழ 68 கோடி முறை திறந்து மூடியிருக்கிறது. வீட்டில் நாங்கள் வாங்கிய வேறு எந்தப் பொருளையும் இவ்வளவு காலம், ஒரு நொடிகூட ஓய்வு கொடுக்காமல் பயன்படுத்தியதில்லை. வால்வு மாற்று அறுவை சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் சொன்னவுடன், "எந்த வால்வு வைக்கலாம் என்று வீட்டில் கலந்து பேசிச் சொல்லுங்கள்" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியை. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் பொருத்திக்கொண்ட பிறகு நாள்தோறும் அதனோடு வாழ்வது எப்படி என்பதை, வாழ்ந்தவர்கள்தானே சொல்ல முடியும்.

என் வால்வு கெட்டதற்குக் காரணம் சிறு வயதில் வந்த தொண்டைப் புண். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் தொண்டைப் புண்ணைச் சரியாக மருந்து கொடுத்து ஆற்றாமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் தற்காப்பு, தவறுதலாகத் தன் மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குவதுதான் அந்த நோய். மூட்டு வலி கொஞ்ச நாளில் போய்விடும். வால்வில் விழுந்த வடு போவதில்லை. எனக்கு ஒன்பது வயதில் முழங்கால் வீங்கி, அது வற்றி, கணுக்கால் வீங்கியதை அம்மா இன்றும் சொல்வார்கள். வளர்கிற பிள்ளைக்கு வரும் வலி என்று தைலம் தேய்த்துவிட்டார்கள். அன்றே கண்டுபிடித்து, 21 நாட்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டு வந்திருந்தால், காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து வால்வை மேலும் கெடுப்பதைப் பெரிதும் தடுத்திருக்கலாம். இரண்டாவது பிரசவத்தின்போதுதான் மூச்சு வாங்கத் தொடங்கியது. கருவுற்றிருக்கும்போது உடலில் இரத்தத்தின் அளவு கூடுவதால், அதுவரை சத்தமில்லாமல் இருந்த மைட்ரல் சுருக்கம் பல பெண்களுக்கு அப்போதுதான் வெளியே தெரிகிறது. நான்கு முதல் ஆறு சதுர செ.மீ. வரை திறக்க வேண்டிய வால்வு, எனக்கு 0.9 சதுர செ.மீ. மட்டுமே திறந்தது.

சுருக்கம் மட்டும் இருந்திருந்தால், தொடை இரத்தக்குழாய் வழியாகப் பலூனைச் செலுத்தி விரித்துவிடும் சிகிச்சையே போதுமாக இருந்திருக்கும். என்னுடன் அதே வார்டில் இருந்த இரண்டு பெண்களுக்கு அப்படித்தான் செய்து மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். என் வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்ததுடன் கசிவும் கடுமையாக இருந்ததால், பலூன் கசிவை இன்னும் கூட்டிவிடும் என்று சொல்லிவிட்டார்கள். வால்வை மாற்றுவது ஒன்றே வழி என்று ஆன பிறகு, மதிப்பீட்டுத் தாளில் மூன்று வரிகள் எழுதிக் கொடுத்தார்கள்: வெளிநாட்டு இரட்டை இதழ் உலோக வால்வு, விலங்குத் திசுவில் செய்த வால்வு, சித்ரா வால்வு. மூன்றாவது வரியில் இருந்த தொகை முதல் வரியில் இருந்ததில் பாதிகூட இல்லை. என் கணவருக்கு அதுவே கவலையாகிவிட்டது. "விலை கம்மியா இருக்குதே டாக்டர், தரம் எப்பிடி?" என்று கேட்டார். அறுவை சிகிச்சை நிபுணர் பதில் சொல்லாமல், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாதிரி வால்வை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. பளபளக்கும் ஓர் உலோக வளையம். அதைச் சுற்றி வேட்டி நூல் போல வெள்ளை வெளேரென்ற பாலியெஸ்டர் துணி விளிம்பு. நடுவில் பால் வண்ணத்தில் ஒரு மெல்லிய வட்டு. வளையத்திலிருந்து உள்நோக்கி நீளும் இரண்டு சிறு உலோகக் கொம்புகளுக்கு இடையில் அந்த வட்டு தளர்வாக உட்கார்ந்திருக்கிறது. ஆணியோ கீலோ கிடையாது. சுட்டுவிரலால் தொட்டதும் ஒரு பக்கம் சரிந்து திறந்தது. கையைச் சாய்த்ததும் தானே மூடிக்கொண்டது. இரத்தம் மேலறையிலிருந்து வரும்போது அதன் அழுத்தத்தில் வட்டு 70 பாகை வரை சாய்ந்து வழி விடுகிறது. கீழறை சுருங்கும்போது அதே இரத்தத்தின் எதிரழுத்தத்தில் படுத்து அடைத்துக்கொள்கிறது. இதற்கு மின்சாரமோ பேட்டரியோ வேண்டியதில்லை. திறந்து மூடும்போதெல்லாம் வட்டு தன் அச்சில் சிறிது சிறிதாகச் சுழன்றுகொண்டும் இருப்பதால், ஒரே இடத்தில் உராய்ந்து தேய்ந்துபோகாது. துணி விளிம்பின் வழியாகத்தான் தையல் போடுவார்கள்; மாதங்கள் செல்லச் செல்ல நம் சதையே அந்தத் துணியின் மேல் வளர்ந்து மூடிவிடும்.

வட்டு பிளாஸ்டிக் என்று கேட்டதும் எனக்கு உள்ளூரப் பயம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு அதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் பயம் மரியாதையாக மாறியது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில், இதய அறுவை சிகிச்சை நிபுணர் எம். எஸ். வல்லியத்தான் தலைமையில், பொறியாளர் ஜி. எஸ். புவனேஸ்வர் உள்ளிட்ட குழுவினர் 1970களின் பிற்பகுதியில் இந்த வேலையைத் தொடங்கினார்கள். திருவிதாங்கூர் அரச குடும்பத்தினர் கொடுத்த பூஜப்புரை சாட்டல்மோண்ட் அரண்மனைதான் அவர்களுக்கு ஆய்வுக்கூடம். முதலில் செய்த வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. தேயவே தேயாது என்று நம்பிச் செயற்கை நீலக்கல்லில் வட்டு செய்து பார்த்தார்கள். ஆட்டுக்குப் பொருத்திய சோதனையில் அந்த வட்டு உடைந்தது. அதன் பிறகே, செயற்கை இடுப்பு மூட்டுகளில் பயன்படும் மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீனுக்கு மாறினார்கள். கடினமான கோபால்ட் குரோமியம் கலப்பு உலோகத்தின்மேல் மென்மையான பாலிஎத்திலீன் அசையும்போது இரண்டுக்கும் தேய்மானம் குறைவு, மூடும்போது அதிர்ச்சியும் குறைவு. நான்காவது வடிவமாக இது உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதைப் பெருமளவில் தயாரிக்க முன்வந்தது நம் சென்னையில் 1928இல் டி. டி. கிருஷ்ணமாச்சாரி தொடங்கிய டிடிகே குழுமம். தொழிற்சாலை திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் இருக்கிறது. இன்று இதைப் பொருத்திக்கொண்டவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2024 ஜூலையில் வல்லியத்தான் மறைந்த செய்தியை நாளிதழில் படித்த அன்று, நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத அவருக்காக என் வீட்டில் விளக்கேற்றி வைத்தேன்.

வடிவமைப்பில் நான் மிகவும் மதிக்கும் ஓர் அம்சம் உண்டு. வளையமும் இரண்டு கொம்புகளும் தனித்தனியாகச் செய்து ஒட்டவைத்தவை அல்ல. ஒரே உலோகத் துண்டிலிருந்து கடைந்து எடுக்கப்பட்டவை. இது ஏன் முக்கியம் என்றால், இதே சாய்வட்டு வகையைச் சேர்ந்த பியோர்க்–ஷைலி வால்வின் ஒரு வடிவத்தில் கொம்பு பற்றவைக்கப்பட்டிருந்தது. 1979 முதல் 1986 வரை உலகெங்கும் ஏறத்தாழ 86,000 பேருக்குப் பொருத்தப்பட்ட அந்த வடிவத்தில், சிலருக்குப் பற்றவைத்த இடம் உடைந்து, வட்டு கழன்று, உயிரே போனது. மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உடைந்தவை நூற்றில் ஒன்றுக்கும் குறைவுதான். ஆனால் எது உடையும், எப்போது உடையும் என்று தெரியாமல் அத்தனை பேரும் அச்சத்தில் வாழ வேண்டியிருந்தது. சித்ரா வால்வில் பற்றவைப்பே இல்லாததால் அந்தக் குறைக்கு இடமில்லை. 1990 முதல் 1995 வரை நாட்டின் ஆறு மருத்துவமனைகளில் 306 பேருக்கு இந்த வால்வைப் பொருத்தித் தொடர்ந்து கண்காணித்தார்கள். அவர்களில் 205 பேருக்கு மைட்ரல் இடத்திலும் 101 பேருக்கு அயோர்ட்டிக் இடத்திலும், அதாவது இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வாயிலிலும், வைத்திருந்தார்கள். உடைந்தோ கழன்றோ போன வால்வு ஒன்றுகூட இல்லை என்பதே அந்த ஆய்வின் முடிவு. அதே ஆய்வில் சிலருக்கு வால்வில் இரத்தம் உறைந்து கட்டியதும், அது பெரும்பாலும் மைட்ரல் இடத்தில் நேர்ந்ததும் பதிவாகியிருக்கின்றன. இந்த இரண்டாவது செய்தியை நான் அறுவை சிகிச்சைக்கு முன்பே ஊன்றிப் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

பொருத்திய பின் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது சத்தத்தைத்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் இயந்திரங்களின் இரைச்சலில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த முதல் இரவு, விசிறியை நிறுத்திவிட்டு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபோது தலையணைக்குள்ளிருந்து கேட்டது: நகத்தால் மரப்பலகையை மெல்லத் தட்டுவது போன்ற ஒலி. முழுவதும் உலோகத்திலோ கார்பனிலோ ஆன வால்வு வைத்திருக்கும் என் சித்தி மகனுக்கு அருகில் உட்கார்ந்தால், கைக்கடிகாரம் போலத் துல்லியமாகக் கேட்கும். என்னுடையது அதைவிட மிக மெல்லியது. வகுப்பறையில் எந்தப் பிள்ளையும் இதுவரை கேட்டதில்லை. ஆறு வாரத்தில் சமையல், மூன்று மாதத்தில் பள்ளி, ஆறு மாதத்தில் பத்மநாபபுரம் அரண்மனையின் மாடிப்படிகளை மூச்சு வாங்காமல் ஏறி இறங்கியது என்று எல்லாம் சொன்னபடியே நடந்தன. மார்பெலும்பு கூடும்வரை, இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தத் தலையணை இன்னும் என்னிடம் இருக்கிறது.

வால்வுக்குப் பிறகு வருவது மாத்திரை. இந்தப் பொருளைப் பற்றி நான் சொல்ல வந்ததே இதுதான்: சித்ராவானாலும் விலை உயர்ந்த வெளிநாட்டு வால்வானாலும், உலோக வால்வு என்பது பாதிப் பொருள் மட்டுமே, மறுபாதி வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையும், அதன் அளவைச் சரிபார்க்க, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையும். அன்னியப் பொருளைத் தொட்டவுடன் உறையத் தொடங்குவது இரத்தத்தின் இயல்பு. அதைத் தடுக்க வாழ்நாள் முழுவதும் மாத்திரை வேண்டும். மாத்திரை குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டும், கட்டியது பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். மாத்திரை கூடினால் மூளையிலோ குடலிலோ இரத்தக் கசிவு. ஒன்று என்பது சாதாரண மனிதருடைய ஐ.என்.ஆர். அளவு, மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவர்களுக்கு அது 2.5க்கும் 3.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். இந்தக் குறுகிய வரப்பின் மேல் விழாமல் நடப்பதுதான் எங்கள் வாழ்க்கை. என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது, தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு, அந்த வாரம் காய்ச்சலோ வேறு மருந்தோ உண்டா என்று நான்கு கட்டங்கள். 18 ஆண்டுகளில் அது நான்காவது நோட்டு.

முதல் நோட்டின் மூன்றாம் பக்கத்தில் 1.6 என்ற எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்து வந்த மகளுக்கு இரத்தம் ஊற வேண்டும் என்று அம்மா நாள் தவறாமல் முருங்கைக்கீரைத் துவரன் செய்து போட்டார்கள். பசுங்கீரைகளில், குறிப்பாக முருங்கைக்கீரையில், வைட்டமின் கே நிறைய இருக்கிறது. வார்ஃபரினோ அந்த வைட்டமினின் வேலையைத் தடுத்துத்தான் இரத்தம் உறைவதைக் குறைக்கிறது. ஒன்று ஏற ஒன்று இறங்குகிறது. உடனே கீரையே வேண்டாம் என்று விலக்கினோம்; அடுத்த முறை 4.2 ஆகிவிட்டது, பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தது. கீரையை விட வேண்டாம், வாரத்துக்கு எவ்வளவு என்று ஓர் அளவு வைத்துக்கொண்டு அதை மாற்றாமல் சாப்பிடுங்கள், மாத்திரையை அதற்கேற்ப நாங்கள் வைத்துத் தருகிறோம் என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் எண் நிலைத்தது. செவ்வாயும் வெள்ளியும் ஒரு கரண்டி கீரை என்பது இன்றுவரை எங்கள் வீட்டு வழக்கம். எனக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனை இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். வீட்டுக்கு அனுப்பும் அவசரத்தில், மாத்திரைச் சீட்டை நீட்டிக்கொண்டே ஒரு நிமிடம் வாயால் சொன்னார்கள். சமைக்கிறவர் அந்த அறையிலேயே இல்லை.

2014இல் நடந்ததைச் சொல்லாமல் இந்த மதிப்புரை நேர்மையாக இருக்காது. கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருந்தது. ஊரில் ஒரு பல் மருத்துவர், இரத்தம் நிற்காது என்று பயந்து, இதய மருத்துவரைக் கேட்காமலேயே பத்து நாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். நானும் கேட்காமலேயே நிறுத்தினேன். பதினோராம் நாள் இரவு படுக்கையில் மூச்சு முட்டியது. எழுந்து உட்கார்ந்தபோது ஏதோ ஒன்று குறைவதாகத் தோன்றியதே தவிர, என்னவென்று பிடிபடவில்லை. அம்மா பக்கத்தில் வந்து, வழக்கம்போல் என் முதுகில் தடவிவிட்டு, காதை நெஞ்சில் வைத்தார்கள். "மக்களே, சத்தத்தக் காணல்லியே" என்றார்கள். ஏழு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போயிருந்த அந்தத் தட்டல் ஒலி, ஈரத்துணிக்குள் வைத்துத் தட்டியது போல மங்கிப்போயிருந்தது. உலோக வால்வு உள்ளவர்களுக்கு ஒலி மங்குவது, வட்டு சரியாக அசையவில்லை என்பதற்கான அபாய அறிகுறி. இதை எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. படிப்பறிவு அதிகமில்லாத என் அம்மாவின் காதுதான் கண்டுபிடித்தது.

அன்று இரவே நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உலோக வால்வின் அசைவைப் பார்க்க வழக்கமாக ஒரு சுலபமான வழி உண்டு: எக்ஸ்ரே திரையில் இதழ்கள் திறந்து மூடுவதை நேரடியாகவே காணலாம். சித்ரா வால்வின் பாலிஎத்திலீன் வட்டு எக்ஸ்ரேயில் தெரிவதில்லை; வளையமும் கொம்புகளும் மட்டும் தெரியும். வாங்குவோர் அறிந்திருக்க வேண்டிய இயல்பு இது. ஆகவே தொண்டை வழியாகக் குழாயை இறக்கி, ஒலியலைகளால் இதயத்தைப் படம் எடுக்கும் எக்கோ பரிசோதனை செய்தார்கள். வட்டின் ஒரு பக்கம் இரத்தக் கட்டி ஒட்டிப் பாதிதான் திறந்தது. கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை முதலில் 2.5 லட்சம் யூனிட்டும், அதன் பின் மணிக்கு ஒரு லட்சம் யூனிட்டும் என்று நரம்பில் ஏற்றினார்கள். கட்டி கரையும்போது ஒரு துண்டு மூளைக்குப் போகலாம், வேறு எங்காவது இரத்தம் கசியலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். மறுநாள் பிற்பகல், கஞ்சி கொடுக்க வந்த அம்மா மறுபடியும் காதை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சத்தம் திரும்பி வந்திருந்தது. வட்டு முழுதாகத் திறக்கிறது, உலோகத்தில் குறையில்லை, மறு அறுவை சிகிச்சை தேவையில்லை என்று எக்கோவிலும் வந்தது. நடந்ததற்கு வால்வு பொறுப்பல்ல. வேறு எந்த நிறுவனத்தின் உலோக வால்வாக இருந்தாலும் பத்து நாள் மாத்திரை இல்லாமல் இதே ஆபத்துதான். ஒரு பல் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தவே வேண்டியதில்லை, ஐ.என்.ஆர். எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு, அந்த இடத்தில் தையல் போட்டு, பஞ்சை அழுத்தி இரத்தத்தை நிறுத்திவிடலாம். எதையும் நிறுத்தும் முன் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது மட்டுமே தேவை. மாத்திரையை விடாத அதே நேரத்தில், பல் வேலைக்கு ஒரு மணி நேரம் முன்பு கிருமி எதிர்ப்பு மாத்திரை போட்டுக்கொள்வது கட்டாயம். ஈறிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமிகள் செயற்கை வால்வில் போய்க் குடியேறினால் அதை விரட்டுவது மிகக் கடினம்.

இனி, மதிப்பீட்டுத் தாளில் இருக்கும் மற்ற வரிகளைப் பற்றி. இரட்டை இதழ் வால்வு 1977 முதல் உலகெங்கும் பயன்பட்டு வருகிறது. இரத்தம் செல்ல அதிக இடைவெளி தருவதால், சிறிய அளவு வால்வு வைக்க வேண்டிய அயோர்ட்டிக் நோயாளிகளுக்கு அது ஏற்றதாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் இதழ்களும் தெரியும். பணம் ஒரு பொருட்டல்ல என்றால் அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. ஆனால் கடன் வாங்கியாவது வெளிநாட்டு வால்வுதான் வைக்க வேண்டும் என்று நினைப்பவர்களை நான் தடுப்பேன். அந்த வேறுபாட்டுத் தொகை, பல ஆண்டுகளுக்கு மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் போதும். உயிரைக் காப்பது அங்கேதான் இருக்கிறது. பன்றியின் வால்விலோ மாட்டின் இதய உறையிலோ செய்யும் திசு வால்வுக்கு நீண்டகால வார்ஃபரின் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் 10 முதல் 15 ஆண்டுகளில் அது கெட்டுவிடும். வயது குறையக் குறைய இன்னும் விரைவாகக் கெடும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அது நல்ல தேர்வு. 32 வயதில் எனக்கு வைத்திருந்தால் இதற்குள் இரண்டாவது முறை நெஞ்சைத் திறந்திருப்பார்கள்.

இளம்பெண்களின் பெற்றோர் ஒன்றை மட்டும் தயங்காமல் கேட்டுவிட வேண்டும். வார்ஃபரின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சென்றடையும். கருவுற்ற ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குழந்தையின் எலும்பும் மூக்கும் உருவாகும் காலத்தில் அது ஊறு செய்யக்கூடும், அதிலும் நாளொன்றுக்கு 5 மி.கி.க்கு மேல் தேவைப்படுகிறவர்களுக்கு ஆபத்து அதிகம். ஹெப்பாரின் ஊசிக்கு மாறினால் குழந்தைக்குப் பாதுகாப்பு; தாயின் வால்வில் இரத்தம் கட்டும் வாய்ப்போ கூடுகிறது. எனக்கு இரண்டு பிள்ளைகளும் பிறந்த பிறகு அறுவை சிகிச்சை நடந்ததால் இந்த நெருக்கடி வரவில்லை. திருமணமாகாத பெண்ணுக்கு வால்வு வைக்கும்போது, வெட்கப்பட்டுக்கொண்டு இந்தப் பேச்சைத் தவிர்க்கிற குடும்பங்களைப் பரிசோதனைக்கூடத்து வரிசையில் பார்த்திருக்கிறேன், மனம் பதைக்கிறது. ஐ.என்.ஆர். பார்க்கவே தேவையில்லாத புதுவகை மாத்திரைகள் வந்துவிட்டனவே, அவற்றுக்கு மாறலாமே என்று கேட்பவர்களுக்கும் பதில் தெளிவாக இருக்கிறது: உலோக வால்வு உள்ளவர்களிடம் அந்தப் புதுவகை மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரானைச் சோதித்த ஆய்வை, இரத்தக் கட்டியும் கசிவும் கூடியதால் 2012இல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மருந்துக்கடையில் யாராவது மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

செலவைப் பொறுத்தவரை, நான் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆண்டில் தமிழ்நாட்டில் பொதுமக்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இல்லை. நகையை அடகு வைத்தோம். இப்போது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு மாற்று அறுவை சிகிச்சையும் அடங்கும். பொருத்திய பின் தரும் அட்டையில் வால்வின் பெயர், வகை எண், வரிசை எண், அளவு, வைத்த இடம், தேதி ஆகியவை இருக்கும். அதன் நகல் ஒன்றைப் பணப்பையிலும், ஒன்றைக் கணவர் கைப்பேசியிலும், ஒன்றைப் பள்ளியில் தலைமையாசிரியை மேசையிலும் வைத்திருக்கிறேன். காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ மருத்துவரிடம் போனால் உட்கார்ந்தவுடன் முதலில் அட்டையைத்தான் நீட்டுவேன். மெட்ரோனிடசோல் போன்ற சாதாரண மாத்திரைகூட ஐ.என்.ஆர். எண்ணை ஏற்றிவிடும், மூட்டு வலிக்கு நாமே வாங்கிப் போடும் டைக்ளோபீனாக் குடலில் இரத்தம் கசிய வைக்கும்.

கடந்த மாதம் ஆண்டுப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். வால்வின் குறுக்கே சராசரி அழுத்த வேறுபாடு 5 மி.மீ. பாதரசம், கசிவு இல்லை, வட்டு தடையின்றி அசைகிறது என்று எக்கோ அறிக்கையில் எழுதியிருந்தார்கள். ஐ.என்.ஆர். 2.9. நான்காவது நோட்டில் அதைக் குறித்துவிட்டு, அடுத்த பரிசோதனைத் தேதியைச் சமையலறை நாட்காட்டியில் வட்டமிட்டிருக்கிறேன். அது ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்குப் போகும் முன் காலை ஏழு மணிக்கு இரத்தம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.